பெட்டிக்காரர் வைத்த ஜன்னல்

பெட்டிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நகைப் பெட்டி, பயணப் பெட்டி என்று எதையும் தூக்கிக்கொண்டு இவர் வரமாட்டார். வெறுங்கையோடுதான் வருவார். வந்து உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, உங்கள் தோளுக்கு மேலே திரையை எட்டிப் பார்த்து, நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தப் போகிறீர்களோ அந்தப் பட்டனுக்கும் உங்கள் விரலுக்கும் நடுவில் ஒரு பெருமூச்சை நுழைப்பார். "இத அப்படியேவா ஓட்டப் போறீங்க?" என்பார். அதில் கேள்வி கொஞ்சம்தான். மீதியெல்லாம் இரங்கல்.

நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் இருக்கிற எந்த அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார். நாம் இப்போது பார்க்கப் போகிறவர் நூலகங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில், ஏ.சி. நேராக அடிக்கும் மூலையில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெட்டிக்காரர் என்ற பெயரை அவருக்குச் சூட்டியது பக்கத்து மேசைப் பெண். அவருக்குத் தெரியாமல் சூட்டிய பெயர்தான், ஆனால் தெரிந்த நாளில் அவர் கோபப்படவில்லை. பட்டம் வாங்கியவர் மாதிரி தலையை லேசாகச் சாய்த்து ஏற்றுக்கொண்டார்.

பெட்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அங்கே எல்லோரும் நாள் முழுக்க ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். ஸ்கிரிப்ட் என்பது கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கிற வேலைக் கட்டளை: இந்த ஃபோல்டரைத் திற, இதை அங்கே வை, அதை அழி. கம்ப்யூட்டர் எதிர்த்துப் பேசாது. தவறிப்போய் "எல்லாவற்றையும் அழி" என்று எழுதிவிட்டால், "எல்லாத்தையுமா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அதனால் கெட்டிக்காரர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே நாலு பக்கமும் அடைத்து ஒரு தனி இடம், அதற்குள் நகல் ஃபோல்டர்கள், நகல் ஃபைல்கள். புது ஸ்கிரிப்டை அதற்குள் இறக்கிக் கதவைச் சாத்திவிட்டால், அது உள்ளேயே ஓடும், உள்ளேயே உடைக்கும், உள்ளேயே அழிக்கும். வெளியே இருக்கிற நிஜ ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. வேலை முடிந்ததும் அந்த இடத்தையே கலைத்துவிடலாம். ஊரெல்லாம் இதைச் சாண்ட்பாக்ஸ் என்கிறது. இவர் பெட்டி என்பார், வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில்.

நல்ல ஏற்பாடுதான். யார் இல்லை என்றது? தும்மும்போது வாயைப் பொத்திக்கொள்வதுகூட நல்ல பழக்கம்தான். அதற்காக ஒருவர் பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்தி "நான் எப்படிப் பொத்துறேன் பாருங்க" என்று காட்டிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? ஒரு நாள் பக்கத்து மேசைப் பெண் அவசரமாக எதையோ ஓட்டப் போனாள். பெட்டிக்காரரின் மூச்சுக்காற்று அவள் கழுத்தில் பட்டது.

"சார், இது வெறும் தேதி காட்டுற ஸ்கிரிப்ட்."

"இன்னைக்குத் தேதி காட்டும். நாளைக்கு?"

"நாளைக்கு நாளைத் தேதியக் காட்டும் சார்."

"இப்படித்தான் எல்லாரும் ஆரம்பிக்கறாங்க," என்றார் பெட்டிக்காரர், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசுகிறவர் மாதிரி.

அவர் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போடுவார். கைவிரல்களைச் சொடுக்குவார். டீ கிளாஸை மேசையின் மறுகோடிக்குத் தள்ளுவார். பிறகு தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்வார்: "கதவு சாத்தியாச்சா? சாத்தியாச்சு. வெளித் தொடர்பு? இல்ல. நிஜ ஃபைல்? இல்லவே இல்ல." அப்புறம்தான் பட்டன். ஓடி முடிந்ததும் பெட்டியைக் கலைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தட்டி உதறி, யாரும் கேட்காத அறிவிப்பு ஒன்று வரும். "கலைச்சாச்சு. வெளிய ஒரு தூசு படல." தேதி காட்டும் ஸ்கிரிப்டால் எந்தத் தூசு எங்கே படும் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வீட்டிலும் இதே கதைதான். புதுச் சட்டை வாங்கினால் முதலில் தனி வாளி. சாயம் போகாது என்று நிரூபணமான பிறகுதான் அது மற்றச் சட்டைகளோடு சேர அனுமதி. புது மிக்சி பால்கனியில், கதவுக்கு அந்தப் பக்கம், ஜாடியில் வெறும் தண்ணீரோடு ஓடிக் காட்ட வேண்டும். மனைவியின் தம்பி வந்தால் அவனுக்கென்று தனி வைஃபை. அதில் எதுவுமே திறக்காது. "மாமா, இதுல ஒண்ணுமே வரலியே," என்று அவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் அலைந்தபோது, "வரக்கூடாதுங்கறதுக்குத்தான்டா தனியா வச்சிருக்கேன்," என்று பெருமையோடு பதில் சொன்னார். "என்னைய மட்டும் எப்படிங்க நேரா வீட்டுக்குள்ள விட்டீங்க?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே யோசித்தார்.

இப்போது ஒரு விஷயம் சொன்னால் நம்பமாட்டீர்கள். இவ்வளவு ஜாக்கிரதையான மனிதர் எதையும் படித்துப் பார்ப்பதில்லை. எங்கிருந்தோ வந்த ஸ்கிரிப்டை, யார் எழுதினார்கள், என்ன செய்யும் என்று ஒரு வரிகூடப் பார்க்காமல் பெட்டியில் போட்டு ஓட்டுவார். அழிப்பதற்கு முன்னால், எதையெல்லாம் அழிக்கப் போகிறது என்று ஸ்கிரிப்டையே சொல்ல வைக்கலாம். பெரும்பாலான ஸ்கிரிப்டுக்கு அந்த வழி உண்டு. அதையும் செய்யமாட்டார்.

"படிச்சுப் பாத்தீங்களா சார்?" என்று பக்கத்து மேசை கேட்கும்.

"படிக்கணும்னா அப்புறம் பெட்டி எதுக்கு?"

அவர் சொல்வதும் நியாயம்தானே? குடை வைத்திருக்கிறவர் வானத்தைப் பார்ப்பதில்லை. பெட்டி இருக்கிற தைரியத்தில் பெட்டிக்காரர் ஊரிலேயே துணிச்சலான ஆளாகிவிட்டார். அது அவருக்கே தெரியாது, தன்னை இன்னும் பயந்த சுபாவம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ஓவியம் வரைகிறவள். பல வருடங்கள் பாடப் புத்தகங்களுக்கு இதயமும் நுரையீரலும் எரிமலையும் வரைந்து கொடுத்தாள். அவற்றில் எதிலும் அவள் பெயர் வந்ததில்லை. எரிமலைக்கு யார் பெயர் போடுவார்கள்? போன வருடம்தான் ஒரு பதிப்பகம் அவளிடமே கதையும் படமும் கேட்டது. குழந்தைகளுக்கான புத்தகம். குடை பிடித்துக்கொண்டு மலையேறும் ஓர் ஆட்டின் கதை. உள்ளே பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆடு நனைய விரும்பவில்லை, அவ்வளவுதான். அந்த ஆட்டை அவள் ஒரு வருடமாக வரைந்தாள், தாளில் வண்ணம் கலந்து பார்த்துவிட்டு, படத்தைக் கம்ப்யூட்டரிலேயே. காது சரியில்லை என்று கலைத்தாள், குடை கனமாக இருக்கிறது என்று கலைத்தாள், மழை மழை மாதிரி இல்லை என்று ஒரு வாரம் முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை. முதல்முறையாக அட்டையில் அவள் பெயர் வரப்போகிறது. திங்கட்கிழமை காலை எல்லாப் படங்களும் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அவர்கள் வேறொரு புத்தகத்தை அச்சில் ஏற்றிவிடுவார்கள், இந்த ஆடு இன்னொரு வருடம் வரிசையில் நிற்கும்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவள் கம்ப்யூட்டர் இடமில்லை என்று சொல்லிவிட்டது. டிஸ்க் நிரம்பி வழிகிறது, சேமிக்க முடியாது.

"ஏங்க, கொஞ்சம் பாருங்களேன். எத அழிச்சா இடம் வரும்?"

பெட்டிக்காரரின் காதில் தேன் பாய்ந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளாகவே அவரைக் கம்ப்யூட்டர் பக்கம் கூப்பிட்டது எத்தனை தடவை என்று நினைக்கிறீர்கள்? அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஃபோல்டரைத் திறந்து பார்த்து, உச்சுக்கொட்டினார்.

"இங்க பாரு. வீடு, வீடு புதுசு, வீடு சரியானது, வீடு இதுதான். எதுக்கும்மா ஒரே வீட்ட இத்தன தடவ வச்சிருக்க?"

"அது பழைய வேலைங்க. அதெல்லாம் போனாலும் பரவால்ல. ஆனா ஆடு மேல கை வைக்காதீங்க."

"நான் எதுக்குக் கை வைக்கப் போறேன்? ஸ்கிரிப்ட் எழுதுறேன். இரட்டைகள மட்டும் கண்டுபிடிச்சு அழிக்கும்."

"தப்பா எதையாவது அழிச்சுட்டா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் பிறந்ததிலிருந்து காத்திருந்தார். நாற்காலியை அவள் பக்கம் முழுதாகத் திருப்பினார். பெட்டியை விளக்கினார். நாலு சுவர், கதவு, உள்ளே, வெளியே என்று கையால் காற்றில் கட்டிக் காண்பித்தார். "பெட்டிக்குள்ளதான் ஓடப்போகுது. நல்லா ஓடுதுன்னு தெரிஞ்ச பிறகுதான் வெளிய. உன் ஆட்டுக்கு ஒரு முடிகூடக் கொட்டாது," என்றார். அவள் தூரிகைகளைக் கழுவப் போனாள்.

ஸ்கிரிப்ட் எழுதுவது அவருக்குக் கைவந்த கலை. ஒரு படத்தையும் இன்னொரு படத்தையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டால் பொழுது போய்விடும் என்று பார்த்தார். பெயரில் முதல் வார்த்தை ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே படம். அதில் பழையது அசல், மற்றதெல்லாம் நகல். வீடு, வீடு புதுசு, வீடு இதுதான். எவ்வளவு எளிமை! அவருடைய ஃபைல்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். உலகத்தில் எல்லோரும் அவரைப் போலவே பெயர் வைப்பார்கள் என்பதில் அவருக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. அவள் பேக்கப் எடுத்து வைத்திருந்த வெளி டிஸ்கையும் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துச் செருகினார். அதிலும் குப்பை சேர்ந்திருக்குமே, ஒரே வேலையாகப் போகட்டும்.

பெட்டி தயாரானது. படங்களின் நகலை உள்ளே கொண்டுபோக வேண்டும். நகலெடுக்க ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் சொன்னது: இடமில்லை.

நியாயம்தான். இடமில்லை என்பதால்தானே இந்த வேலையே?

இந்த இடத்தில் உங்களையும் என்னையும் போன்ற சாதாரண மனிதர்கள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்திருப்போம். பெட்டிக்காரர் பெட்டிக்கு ஒரு ஜன்னல் வைத்தார். வெளியே இருக்கிற நிஜ ஃபோல்டரையும் பேக்கப் டிஸ்கையும் உள்ளிருந்து பார்க்கும்படி ஒரு திறப்பு. பார்க்கலாம், தொடக்கூடாது என்று அதற்கு நிபந்தனையும் போட்டார். கண்ணாடி போட்ட ஜன்னல்தானே, என்ன ஆகிவிடும்? ஸ்கிரிப்டை ஓட்டினார். அது ஓடாமல் நின்றது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் தான் பார்த்துவிட்டேன் என்று ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டுமாம், எழுத அனுமதி இல்லையாம். "குறிப்புதானே எழுதுது, பாவம்," என்று முணுமுணுத்தார். ஜன்னல் கண்ணாடியைக் கழற்றினார், இனி உள்ளிருந்து கையும் நீட்டலாம்.

பிறகு விரல்களைச் சொடுக்கினார். டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். "கதவு சாத்தியாச்சா? சாத்தியாச்சு," என்றார். ஜன்னலைப் பற்றிக் கேட்கிற வழக்கம் அவருடைய கேள்விகளில் கிடையாது, அதனால் கேட்கவில்லை. பட்டனை அழுத்தினார்.

சில நொடிகள்தான். "முடிந்தது. பிழை ஏதும் இல்லை," என்று திரை சொன்னது. பெட்டிக்காரர் பெட்டியைக் கலைத்தார். கைகளைத் தட்டி உதறினார். "வெளிய ஒரு தூசு படல!" என்று குளியலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

திரையின் ஓரத்தில் டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு பட்டை காட்டும். காலையில் முழுக்கச் சிவப்பாக இருந்த பட்டை இப்போது ஏறக்குறைய வெள்ளையாக இருந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். அடடா, எவ்வளவு இடம்! அந்தச் சந்தோஷத்தில் பாதி வழி போன பிறகுதான் ஏதோ உறுத்தியது. ஓடியது பெட்டிக்குள். அழித்தது பெட்டிக்குள். அப்படியானால் வெளியே எப்படி இடம் வந்தது?

அவர் ஆடு என்ற ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே ஒரே ஓர் ஆடு இருந்தது.

ஆடு மலையில், ஆடு மழையில், ஆடு குடையோடு, ஆடு பாலத்தின்மேல், ஆடு தூங்கும்போது என்று அவள் ஒவ்வொரு படத்துக்கும் ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தாள். ஆட்டைப் பற்றிய புத்தகத்தில் வேறு எப்படிப் பெயர் வைப்பது? ஸ்கிரிப்ட் பார்த்தது. எல்லாப் பெயரிலும் முதல் வார்த்தை ஆடு. எல்லாம் ஒரே படம். இருப்பதிலேயே பழையதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டது. பேக்கப்பையும் விடவில்லை. பேக்கப் என்றாலே இரட்டைதானே, இரட்டையைத்தானே அழிக்கச் சொன்னார்? மிஞ்சிய ஆடு போன வருடம் பென்சிலால் கிறுக்கிப் பார்த்த ஆடு. அதற்கு மூன்று கால்தான் வரைந்திருந்தது.

பெட்டிக்காரர் திரைக்குக் கிட்டே குனிந்தார். ஃபோல்டரை மூடித் திறந்தார். இன்னொரு தடவை மூடித் திறந்தார். குப்பைத் தொட்டியைப் பார்த்தார். ஸ்கிரிப்ட் அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போகாது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவரே அவர்தான். அப்படியும் பார்த்தார். அவள் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"முடிஞ்சுதா? இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"எவ்ளோ?"

"நிறைய," என்றார் பெட்டிக்காரர்.

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். மூன்று கால் ஆடு அவளைப் பார்த்தது. அவர் எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமாக அது அவருக்குப் படவில்லை.

"பெட்டிக்குள்ளதான் ஓட்டுனேன். சத்தியமா பெட்டிக்குள்ளதான். ஒரு ஜன்னல் மட்டும்... குறிப்பு எழுதறதுக்கு... பேக்கப்லயும் போயிடுச்சும்மா. எல்லாம் போயிடுச்சு. நான்தான். நான்தான் பண்ணேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்கிற வேலையாவது அவருக்குக் கிடைத்திருக்கும். துண்டை நாற்காலி முதுகில் மடித்துப் போட்டாள். சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தாள். போனை எடுத்து, அவருடைய அக்காவைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, வீட்லதான் இருக்கீங்களா? அந்த டிஸ்க்க எடுத்து வைங்க. ஆமா." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆமா அண்ணி, அவருதான்."

பெட்டிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த டிஸ்க்?"

"வாராவாரம் அண்ணி வீட்டுக்குப் போறேன்ல, அப்ப எல்லாத்தையும் அங்க ஒரு டிஸ்க்ல போட்டுட்டு வருவேன்."

"நீங்க ரெண்டு பேரும் என்னப் பத்திப் பேசறதுக்குன்னு நினைச்சேன்."

"அதுவும் பேசுவோம். போய் அண்ணியக் கூட்டிட்டு வாங்க."

"எதுக்கு அக்கா? நானே டிஸ்க்க வாங்கிட்டு வந்துடறேன்."

"அண்ணியக் கூட்டிட்டு வாங்க," என்றாள் அவள் மறுபடியும், அதே குரலில்.

அக்கா வீட்டு அலமாரி அவருக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். அதன் உள்ளறைக்குத் தனிப் பூட்டு உண்டு என்பது மட்டும் அன்றுதான் தெரிந்தது. அக்கா அவருக்கு முதுகைக் காட்டி நின்று அதைத் திறந்து, கம்பளிச் சாக்ஸ் ஒன்றுக்குள் சுற்றி வைத்திருந்த டிஸ்கை எடுத்தாள். பக்கத்தில் அம்மாவின் போட்டோக்கள் இருக்கும் டிஸ்க். அதற்குக் கீழே ஒரு நீல நிற உறை. உறையின் ஓரத்தில் தெரிந்த முத்திரையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"அக்கா, இது என் காலேஜ் சர்டிபிகேட் மாதிரி இருக்கே."

"மாதிரி என்ன, அதுதான்."

"அப்ப என் வீட்ல இருக்கறது?" அவர் அதைத் தீப்பிடிக்காத பையில் போட்டு, அந்தப் பையை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இன்னொரு பூட்டுக்குள் வைத்திருந்தார்.

"கலர் ஜெராக்ஸ்டா."

"யாரு மாத்துனது?"

"அம்மாதான். இந்த உள்ளறைச் சாவிய எங்கிட்டக் குடுக்கும்போது, 'அவன் ரொம்ப ஜாக்கிரதையான பையன், நீதான் பாத்துக்கணும்'னு சொன்னாங்க."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி, அதன் பின்னாலேயே வெட்கம், அதற்கும் பின்னால் அம்மாவின் ஞாபகம். பஸ்ஸில் அக்கா டிஸ்க் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "குடுக்கா, நான் வச்சுக்கறேன்," என்று அவர் கை நீட்டினார். அக்கா பையை மடியிலிருந்து எடுத்து, அவருக்கு எட்டாத பக்கம் வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி டிஸ்கை வாங்கிச் செருகினாள். ஆடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மலையில் ஓர் ஆடு, மழையில் ஓர் ஆடு, குடையோடு ஓர் ஆடு. அவள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசிவரை போய், மறுபடி முதலுக்கு வந்து, மறுபடி கடைசிக்குப் போனாள்.

"அட்டப்படம் இல்ல."

அட்டைப்படத்தை அவள் இந்த வாரம்தான் முடித்திருந்தாள். அக்கா வீட்டுக்கு நாளைக்குத்தான் போவதாக இருந்தாள். இப்போதுதான் அவள் கண் கலங்கியது, அதையும் அவருக்குக் காட்டாமல் திரும்பிக்கொண்டாள்.

"நான் என்ன பண்ணட்டும்?"

"இந்த ரூம்ல இல்லாம இருங்க."

அவர் வெளியே வந்தார். கதவு சாத்திக்கொண்டது. அன்று மிச்சப் பொழுதும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் உள்ளேதான் இருந்தாள். பெட்டிக்காரர் கூடத்தில் செருப்பில்லாமல் நடந்தார். டீ போட்டு, கதவை ஒரு விரலால் தட்டினார். ஒரு கை வெளியே வந்தது, கிளாஸை வாங்கியது, கதவு மூடியது. அக்கா சோபாவில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்தாள். அவர் எழுந்து கம்ப்யூட்டர் அறைப் பக்கம் போகும்போதெல்லாம் பக்கத்தைத் திருப்பாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை, திரும்ப வரைந்த அட்டை மற்றப் படங்களோடு அச்சகத்துக்குப் போனது. ஆடு குடைக்குள்ளிருந்து நேராக உங்களைப் பார்க்கிறது. கீழே அவள் பெயர். அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம், கன்னத்தில் நீலச் சாயம். பெட்டிக்காரர் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன நீ நம்பவே இல்லியா?" என்று கேட்டார். கேட்கக்கூடாத நேரம்தான். ஆனால் இரண்டு நாளாக வேறெதுவும் அவர் நெஞ்சில் ஓடவில்லை.

"நம்பாமலா என் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டக் குடுத்தேன்? உங்களுக்குக் குடுக்க ஆசையா இருந்துச்சு, குடுத்தேன். குடுத்தா எதெது போகும்னு யோசிச்சேன். போனாத் தாங்க முடியாதத அண்ணி வீட்ல வச்சேன்." அவள் கொட்டாவி விட்டாள். "எட்டு வருஷமா நிம்மதியா தூங்கறேன். இப்பவும் தூங்கப் போறேன். போன் வந்தா எடுங்க."

அன்று பெட்டிக்காரர் அலுவலகத்துக்கு ஸ்வெட்டரை மறந்துவிட்டுப் போனார். பக்கத்து மேசைப் பெண் எதையோ நேராக ஓட்டினாள். அவர் எட்டிப் பார்க்கவில்லை. அவர் மேலாளரின் கண்ணாடி அறையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மேடம்தான், எல்லா நூலகங்களின் விவரமும் இருக்கும் முக்கிய சர்வரின் முழு அனுமதியையும் சிரித்த முகத்தோடு அவர் கையில் கொடுத்தவர். அன்றிலிருந்து அதை அவர் கண்ணும் கருத்துமாகக் காத்து வருகிறார். அதில் அவர் எதைத் திருத்தினாலும் நூலகங்களில் அது தெரிய ஒரு நாள் ஆகும். ஏன் ஒரு நாள்? அவர் கையில் இருப்பது அசல் சர்வர்தானா? இத்தனை வருடம் அவருக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டினார்.

"என்ன சார்?" என்று மேடம் நிமிர்ந்து புன்னகைத்தார். மிக அன்பான புன்னகை. அக்கா பஸ்ஸில் வெயிலைப் பற்றிப் பேசும்போது சிரித்த அதே மாதிரிச் சிரிப்பு.

"ஒண்ணுமில்ல மேடம்," என்று சொல்லிவிட்டு, பெட்டிக்காரர் தம் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

நீங்கள் இதுவரை நன்றாகவே சிரித்தீர்கள், எனக்குத் தெரியும். நீங்கள் ஒன்றும் பெட்டிக்காரர் இல்லையே. இருந்தாலும் இன்று சாப்பிட உட்காரும்போது வீட்டில் சும்மா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். முக்கியமான பேப்பர், சாவி, பழைய போட்டோ, எதுவானாலும் சரி, "அசல் எங்க இருக்கு?" என்று கேளுங்கள். பதில் பட்டென்று வந்தால் பிழைத்தீர்கள். அவர்கள் ஒருவரையொருவர் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, பிறகு உங்கள் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டே, "உங்ககிட்டத்தானே இருக்கு," என்று அன்பாகச் சொன்னால், மேற்கொண்டு ஒன்றும் கேட்காதீர்கள். சாப்பிடுங்கள்.